நோஸ்கி வீட்டு அறுப்பு

பார்லி முற்றிவிட்டது. கதிர் கழுத்தை ஒடித்துக்கொண்டு தொங்க ஆரம்பித்த பிறகு அது யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு நல்ல வடகாற்று அடித்தால் பாதி மண்ணில் கிடக்கும். மார்லீன் நோஸ்கி வேலியோரம் போய் ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தாள். உமியை ஊதிவிட்டு மணியைப் பல்லில் கடித்தாள். படக்கென்று உடைந்தது. போன வாரம் கடித்தபோது கொஞ்சம் பிசுபிசுப்பு இருந்தது, அதைச் சாக்காக வைத்து ஒரு வாரத்தை ஓட்டியாயிற்று. இனி அந்தச் சாக்கும் இல்லை. பார்லிக்கு அப்பால் உப்பேரி வரைக்கும் கோதுமை நின்றது. அயர் தீபகற்பத்தில் இந்த வருஷம் மழை அளந்து ஊற்றினாற்போலப் பெய்திருந்தது. பாழாய்ப்போன வருஷத்தில்தான் இப்படிப் பெய்து தொலைக்கும்.

அறுக்க வேண்டியவன், அவள் புருஷன் நெவில், சமையலறை ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். செப்டம்பரில் ரோமம் கத்தரிக்கும் கொட்டகையில் ஒரு கிடாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது விழுந்தவன்தான். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் ஒரே நாளில் போய்விட்டன. பேச்சு வராது, ஆனால் சொல்வதெல்லாம் புரியும், ஆமாம் இல்லை என்று தலையாட்ட முடியும் என்று அடிலெய்டு டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். அவர்கள் ஊரான மிண்டாராவில் இதைக் கேட்டவர்கள், நெவில் எப்போதும் அப்படித்தானே இருந்தான், புதுசாக என்ன போச்சு என்றார்கள். கேலிதான். ஆனால் சிரிக்காமல் சொன்னார்கள்.

மிண்டாராவில் ஒரு வழக்கம் உண்டு. அறுப்புக் காலத்தில் ஒருவன் படுத்துவிட்டால் அவன் வாய்திறந்து யாரிடமும் கேட்க வேண்டாம். கேட்டால் கேட்டவனுக்கும் கேவலம், கேட்கும்படி விட்டவர்களுக்கும் கேவலம். ஒரு சனிக்கிழமை காலையில் சாலையில் செம்மண் புழுதி எழும். அறுப்பு மிஷின்களும் லாரிகளும் வரிசையாக வரும். ஒரே நாளில் அத்தனை புஞ்சையையும் வழித்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். போன வருஷம் கிரான்ட்லி என்பவனுக்கு நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் நடந்தபோது இப்படித்தான் நடந்தது. முதல் மிஷினாகப் போய் நின்றது நெவிலுடையது. வீட்டுக்காரர்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, சோறு போடுவது. வந்தவர்கள் அத்தனை பேரும் அந்த வீட்டு மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போவார்கள். சாப்பிட்டால்தான் அந்த வேலை முடிந்தது என்று அர்த்தம்.

இந்த நவம்பரில் எல்லோருடைய மிஷினும் மார்லீன் வீட்டு கேட்டைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தது. ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி அவளுக்கு மரியாதை காட்டினார்கள். அதில் குறை வைக்கவில்லை. வண்டியைத்தான் ஒருவரும் திருப்பவில்லை. கூலிக்கு அறுக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தாள். ஜனவரி வரைக்கும் ஆள் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். ஜனவரி வரைக்கும் பார்லி நிற்குமா? பார்லி போனால் கோதுமை போகும். கோதுமை போனால் நெவிலின் தாத்தா வேலாமரக் கட்டைகளைத் தோண்டி, கல் பொறுக்கித் திருத்திய இந்தப் புஞ்சையை விற்றுவிட்டுப் போக வேண்டியதுதான்.

கடைக்குப் போனாள். மிண்டாராவில் தபாலும் டீசலும் ரொட்டியும் கிடைப்பது பெவ் என்பவளின் அந்த ஒரே கடையில்தான். கடையில் இருந்த மூன்று பெண்களும் நெவிலை அன்பாக விசாரித்தார்கள். சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, புண் கிண் வந்துவிடாமல் பார்த்துக்கொள் என்றார்கள். ஒருத்தி தன் அத்தைக்கு வந்த பக்கவாதத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும் சொன்னாள். அறுப்பைப் பற்றி மட்டும் ஒருத்தியும் மூச்சு விடவில்லை. மூவரும் போன பிறகு பெவ் ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே நிமிராமல் பேசினாள்.

"கடைய மூடிட்டு நானே வந்து கத்திரிக்கோலால வெட்டித் தரலாம்னு தோணுது மார்லீன். மூஞ்சியப் பாரு, எப்படி ஆயிட்ட."

"யாராச்சும் ஏதாச்சும் பேசிக்கிட்டாங்களா பெவ்?"

"பேசல. அதான் சங்கதி. கிரான்ட்லிக்கு ஒடம்பு சரியில்லன்னதும் மறுநாளே இதே எடத்துல நின்னு எந்தச் சனிக்கிழமைன்னு முடிவு பண்ணாங்க. உன் வீட்டுப் பேச்சு வந்தா மட்டும் எல்லாரும் டயர் வெலையப் பத்திப் பேச ஆரம்பிச்சிடறாங்க."

மார்லீன் பையை எடுத்துக்கொண்டாள். பெவ் குரலைத் தாழ்த்தினாள்.

"ரெண்டு வருஷமா ஊர்ல ஒருத்தரும் வாயத் தொறக்கல. தொறக்கலன்னா மறந்துட்டாங்கன்னு நெனச்சியா? டாரில் சரின்னு சொல்லாம ஒருத்தனும் வரமாட்டான். நான் சொன்னேன்னு சொல்லிக்காத. சொன்னாலும் பரவால்ல."

வண்டியில் உட்கார்ந்தும் சாவியைத் திருப்பக் கை வரவில்லை அவளுக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்தது இது. விடிந்ததிலிருந்தே வடகாற்று, அடுப்புக் கதவைத் திறந்து வைத்தாற்போல. இந்தப் பக்கத்தில் ஒவ்வொருவரும் காற்றை அளக்க ஒரு சின்னக் கருவி வைத்திருப்பார்கள். அளவு தாண்டினால் ஊர்த் தீயணைப்புப் படையின் தலைவன் வயர்லெஸில் ஒரு வார்த்தை சொல்வான், நிறுத்துங்கள் என்று. நிறுத்திவிடுவார்கள். பாதிச் சாலில் இருந்தாலும் சரி, லாரி நிறைய இன்னும் ஒரு கூடைதான் குறைகிறது என்றாலும் சரி. மீறினால் யாரும் அடிக்க வரப்போவதில்லை. ஆனால் மீறுகிறவன் கிடையாது. அன்றைக்குத் தலைவன் டாரில் மக்ரே, கிழக்குப் பக்கத்துப் புஞ்சைக்காரன். அவன் நிறுத்துங்கள் என்று சொன்னது குளிர்பெட்டியின் மேலிருந்த வயர்லெஸில் மார்லீனுக்குத் தெளிவாகக் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நெவிலின் மிஷின் பின்னால் புழுதி நிற்கவில்லை.

அவன் மைசூர்ப் பருப்பு அறுத்துக்கொண்டிருந்தான். அதன் தூசி முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி. கொதிக்கும் என்ஜினில் படிந்தால் நெருப்பு வைக்க வேறு எதுவும் தேவையில்லை. இன்னும் ஒரு பட்டைதான் பாக்கி இருந்தது. இந்தச் சால் முடிந்ததும் நிறுத்திவிடுவான் என்று நினைத்துக்கொண்டு அவள் உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டிருந்தாள். வயர்லெஸை எடுத்து அவனைக் கூப்பிடவில்லை. அப்புறம் ஜன்னலைப் பார்த்தபோது புழுதிக்குப் பதில் புகை இருந்தது.

தீ முதலில் அவர்கள் அறுத்துவிட்ட அரிதாளில்தான் ஓடியது, நீளமாக, ஒல்லியாக, தெற்கே உப்பேரியைப் பார்த்து. உப்பில் போய் அடங்கிவிடும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதற்குள் காற்று திரும்பித் தென்மேற்கிலிருந்து அடித்தது. அவ்வளவு நீளத் தீயும் அப்படியே பக்கவாட்டில் எழுந்து டாரில் புஞ்சைக்குள் நடந்து போனது. வீடு போயிற்று, கொட்டகை போயிற்று. ஆடுகள் வேலி மூலையில் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு நின்று வெந்தன. டாரிலின் மனைவி ஜோன், போர்ட் லிங்கனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனவள், இன்னும் திரும்பவில்லை.

வெளியூரிலிருந்து விசாரிக்க வந்தவர்களிடம் ஊரே தோளைக் குலுக்கியது. மின்னலாக இருக்கலாம், மின்கம்பியாக இருக்கலாம். டாரிலும் தெரியாது என்றுதான் சொன்னான். அந்நியனிடம் போய் ஊர்க்காரனைக் காட்டிக்கொடுக்கிற வழக்கம் மிண்டாராவில் இல்லை. நெவிலும் சும்மா இருக்கவில்லை. மறுநாளே துப்பாக்கியோடு போய், வெந்தும் சாகாமல் கிடந்த ஆடுகளை டாரில் பக்கத்தில் நின்று சுட்டான். குளிர்காலம் முழுக்க டாரிலின் வேலியைக் கட்டிக் கொடுத்தான், கம்பி கட்டிக் கை எல்லாம் கிழிந்தது. ஒரு வார்த்தை மட்டும் சொல்லவில்லை. சொல்லிவிடேன் என்று மார்லீன் ஒருமுறை கேட்டதற்கு, "வேலி போட்டுக் குடுத்திருக்கேன்ல?" என்றான். அந்த ஊர் ஆண்களுக்கு வேலைதான் பேச்சு. கம்பியை இழுத்துக் கட்டினால் மன்னிப்புக் கேட்டாயிற்று என்று அவன் மனதார நம்பினான்.

அவள் வீட்டுக்குப் போகாமல் வண்டியைக் கிழக்கே விட்டாள்.

வீடு இருந்த இடத்தில் புகைக்கூண்டு மட்டும் நின்றது. பக்கத்தில் சக்கரத்தின் மேல் வைத்த தகர அறை ஒன்று; அதில்தான் டாரில் இரண்டு வருஷமாகக் குடித்தனம் நடத்துகிறான். மிஷினுக்கு அடியில் படுத்துக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தவன் அவளைப் பார்த்ததும் வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, டீ குடிக்கிறாயா என்று கேட்டான். வேண்டாம் என்றாள். ஜோன் எப்படி இருக்கிறாள் என்று கேட்டதற்கு, கடற்காற்று ஒத்துக்கொண்டிருக்கிறதாம் என்றான். அதற்கு மேல் சுற்றி வளைக்க அவளுக்குத் தெம்பில்லை.

"பார்லி கொட்டப் போகுது டாரில்."

"பாத்தேன். ரோட்லருந்தே தெரியுது."

"வருவீங்களா மாட்டீங்களான்னு கேக்கத்தான் வந்தேன்."

அவன் முகம் சுருங்கியது. "நீ கேட்டிருக்கக் கூடாது மார்லீன்."

"கேக்கற மாதிரி விட்டது யாரு?"

கிரீஸ் துணியை மடித்து மடித்துச் சின்னதாக்கினான். வருவது வரட்டும் என்று அவள் மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டாள்.

"அன்னிக்கு நீ நிறுத்தச் சொன்னது எனக்குக் கேட்டுச்சு. சமையக்கட்டுல இருந்தேன். அவன் நிறுத்தலங்கறதயும் பாத்தேன். கூப்பிட்டிருக்கணும். கூப்பிடல. நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன் டாரில். எனக்கும் சேத்து, அவனுக்கும் சேத்து."

"உன்னுத வேணா எடுத்துக்கறேன். அவனுத நீ சொல்லாத."

"அவனாலதான் இப்ப முடியலையே."

"இப்ப முடியல. ரெண்டு வருஷம் முடிஞ்சுதே." அவன் குரல் உயரவில்லை. "ரெண்டு நாள் எம்பக்கத்துல நின்னு ஆடு சுட்டான். ஒண்ணு ஒண்ணா. கண்ணு அவிஞ்சு போயி, சத்தம் கேட்டதும் எங்ககிட்ட வருதுங்க, தண்ணி வைக்க வந்திருக்கோம்னு நெனச்சு. அவனும் அழுதான், நானும் அழுதேன். இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான்னு பாத்துக்கிட்டே இருந்தேன். தோட்டா தீந்துபோச்சு, ஊருக்குப் போயி வாங்கிட்டு வரேன்னான். அதத்தான் சொன்னான்."

"வேலி கட்டினானே..."

"நல்ல வேலி. இந்தப் பக்கத்துல அப்படி ஒரு வேலி கெடையாது. காலைல எழுந்தா அதுதான் கண்ணுல படுது. நான் விசாரிக்க வந்தவன்கிட்ட தெரியாதுன்னு பொய் சொன்னவன். அவனுக்காகச் சொன்னேன். எனக்கு ஒரு வார்த்த, டாரில், நீ சொன்னது கேட்டுச்சு, நாந்தான் நிறுத்தலன்னு. அவ்வளவுதான். அதச் சொல்றதுக்குக் கம்பி வேணாம், கட்டை வேணாம்."

அவன் புகைக்கூண்டைத் திரும்பிப் பார்த்தான்.

"சனிக்கிழம வர்றோம்," என்றான். "பயப்படாத, ஒரு கதிர் மிச்சம் இருக்காது. வராம இருந்தா அப்புறம் நாங்க யாரு? ஆனா ஒண்ணு, அவனுக்காக வரல."

கடைசியாகச் சொன்னதை அவள் காதில் வாங்கிக்கொண்டாளோ என்னவோ. வருகிறோம் என்றதே அவளுக்குப் போதுமாக இருந்தது. வந்தால் சாப்பிடுவார்கள், சாப்பிட்டால் எல்லாம் தீர்ந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்ன சமைப்பது என்றுதான் மனசு ஓடியது.

அதற்கப்புறம் சமையலறையில் அடுப்பு அணையவில்லை. உப்பில் ஊறப் போட்ட மாட்டிறைச்சியை வேகவைத்து ஆறவைத்தாள். ஆட்டுத் தொடை இரண்டை ஓவனில் சுட வைத்தாள். நெவிலின் பாட்டன் பூட்டன் ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த வழக்கப்படி, ஈஸ்ட் மாவில் வெண்ணெயும் சர்க்கரையும் உதிர்த்துப் போட்ட கேக் தட்டுத் தட்டாகச் செய்தாள். முட்டை, பீட்ரூட் ஊறுகாய், உருளைக்கிழங்கு சாலட். சர்ச்சிலிருந்து நீள மேஜைகளையும் டீ போடும் பெரிய பாத்திரத்தையும் வாங்கிவந்து கொட்டகை நிழலில் போட்டாள். மேஜை விரிப்பு தேய்த்துப் போட்டாள். நெவிலுக்கு முகம் மழித்து, நல்ல சட்டை மாட்டி, அவர்கள் வரப்போகிறார்கள் என்று சொன்னபோது அவன் இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவளும் அழுதாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அழுது அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆடு சுட்டபோது அழுதது டாரில் சொல்லித்தானே அவளுக்குத் தெரியும்.

சனிக்கிழமை வெயில் ஏறி, கதிரில் பனி உலர்ந்ததும் வந்தார்கள். வீட்டு கேட் வழியாக இல்லை. உப்பேரிப் பக்கம் ஒரு பழைய கேட் இருக்கிறது, ஆடு ஓட்டுவதற்கு. வருஷத்தில் ஒரு நாள் திறந்தால் அதிகம். அதன் வழியாகப் புழுதி எழுந்தது. அது அவர்களுக்குக் கிட்டக்க இருக்கும் என்று மார்லீன் சொன்னாள். நெவில் அவளைத் திரும்பிப் பார்த்தான். கிட்டக்க இல்லை என்று இருவருக்குமே தெரியும்.

வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஏணிப்படி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாகச் சாய்வாக நின்று பார்லியை வழித்தார்கள். வேலியோரம், கல் மேடு, மிஷின் திரும்ப முடியாத மூலை எதையும் விடவில்லை. லாரிகள் தானியம் கொட்டும் சைலோவுக்கும் புஞ்சைக்குமாக ஓயாமல் ஓடின. காற்றில் பார்லித் தூசியின் அந்த அரிக்கும் வாசனை வீடு வரைக்கும் வந்தது.

உச்சிப் பொழுதில் வடகாற்று கிளம்பியது. குளிர்பெட்டி மேலிருந்த வயர்லெஸ் கரகரத்தது. டாரிலின் குரல். "காத்து ஏறிருச்சு. நிறுத்துங்கப்பா."

அத்தனை மிஷினும் அந்த இடத்திலேயே நின்றன, பாதிச் சாலில், வாயில் கதிரோடு. இரைச்சல் போனதும் கூரைத் தகரம் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம்தான் கேட்டது. கொட்டகை நிழலில் மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த நெவில் தலையைக் குனிந்துகொண்டான்.

சரி, இப்போது வருவார்கள் என்று மார்லீன் டீக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தாள். வரவில்லை. லாரி நிழலில் உட்கார்ந்து வீட்டிலிருந்து கொண்டுவந்த டப்பாக்களைத் திறப்பது இங்கிருந்தே தெரிந்தது. அவள் மனசு கேட்கவில்லை. தட்டுகளைத் துணி போட்டு மூடிப் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டு அரிதாளில் ஓட்டிக்கொண்டு போனாள். ஆண்கள் எழுந்து தொப்பியைக் கழற்றினார்கள். ஒருவனும் முகம் கோணவில்லை. சாப்பிட்டாச்சு மார்லீன் என்றான் ஒருவன். வயிறு நிறைந்துவிட்டது, மன்னித்துக்கொள் என்றான் இன்னொருவன். அவள் தட்டோடு கிரான்ட்லி முன்னால் போய் நின்றாள்.

"போன வருஷம் உன் புஞ்சைல முதல்ல வந்து நின்னது யாருன்னு ஞாபகம் இருக்கா கிரான்ட்லி?"

"இருக்கு," என்றான் அவன், கேக்கைப் பார்க்காமல். "டாக்டர் இனிப்பு கூடாதுன்னுட்டாரு."

அவன் கையில் பாதி கடித்த பிஸ்கட் இருந்தது. அதை மறைக்கக்கூட அவனுக்குத் தோன்றவில்லை. மார்லீன் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திரும்ப வண்டியில் வைத்தாள். யாரோ ஓடிவந்து பின்கதவை மூடிக் கொடுத்தார்கள். அந்த உதவிதான் அவளுக்குப் பொறுக்க முடியாமல் இருந்தது.

சாயங்காலம் காற்று திரும்பித் தெற்கிலிருந்து சில்லென்று வீசியதும் மறுபடி இறங்கி, இருட்டுவதற்குள் கோதுமையையும் முடித்துவிட்டார்கள். டாரில் சொன்னபடியே ஒரு கதிர் மிச்சமில்லை. வந்த கேட் வழியாகவே ஒவ்வொன்றாக வெளியேறினார்கள். கடைசியாக டாரில் மட்டும் வண்டியை வீட்டுப் பக்கம் விட்டான். இறங்கி, மேஜைகளைத் தாண்டி, நெவில் முன்னால் வந்து நின்றான்.

"முடிஞ்சுது நெவில். நல்ல வெளச்சல்."

நெவில் இடது கையைத் தூக்கினான். டாரில் அதைப் பிடிக்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும். உன்னால பேச முடியாதுன்னு தெரியும். தலையாட்டினா போதும். அன்னிக்கு நான் நிறுத்தச் சொன்னது உன் காதுல விழுந்துச்சா?"

மார்லீன் குனிந்து நெவிலின் தோளைப் பிடித்தாள். நாள் முழுக்க வராத ஊர் இதோ ஒற்றை ஆளாக வந்து நிற்கிறது; ஒரே ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். நாளைக்கு அவளும் நெவிலும் மறுபடி இந்த ஊர்க்காரர்களாகக் கண் விழிக்கலாம்.

"தலையாட்டு நெவில்," என்றாள். "அவன் கேக்கறது புரியுதுல்ல? ஆட்டு."

நெவிலுக்குப் புரிந்தது. அவன் கண்ணிலேயே தெரிந்தது. டாரிலை நேராகப் பார்த்தான், அப்புறம் மார்லீனைப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, வழித்துக் கிடந்த அரிதாளைப் பார்க்க ஆரம்பித்தான். கழுத்து அசையவில்லை. இதற்கும் பக்கவாதத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பது மார்லீனுக்குத் தெரிந்துபோயிற்று. பேச்சு இருந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டான். இன்னும் இருபது வருஷம் வேலி கட்டியிருப்பான்.

டாரில் நியாயமான நேரம் காத்திருந்தான். "சரி," என்று தொப்பியை மாட்டிக்கொண்டான். மார்லீனிடம் தலையசைத்துவிட்டுப் போனான். உப்பேரிப் பக்கத்து கேட்டை இறங்கி மூடிவிட்டுப் போவது வண்டி விளக்கில் தெரிந்தது.

மார்லீன் நாற்காலியைத் தள்ளவில்லை. தட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கேக்கைச் சமையலறை மேஜையில் வைத்து ஒரு துண்டு வெட்டி, நின்றபடியே சாப்பிட்டாள். நன்றாகத்தான் வந்திருந்தது. வெளியே குளிர ஆரம்பித்திருந்தது. கொஞ்ச நேரத்தில் நெவில் நாற்காலிக் கையை இடது கையால் தட்டத் தொடங்கினான், முதலில் மெதுவாக, அப்புறம் பலமாக, விடாமல்.

அவளுக்கு நன்றாகவே கேட்டது. உட்கார்ந்து இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டாள்.